பாதிரிமார் நட்ட திராட்சை

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் என் முன்னால் வைத்த கடதாசியில் ‘சிவப்பு வைன், ஒரு கோப்பை’ என்று மட்டும் இருக்கிறது. கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆண், ஒருவர்’ என்று அச்சடித்தது போல இருக்கிறது. அந்த வைனுக்குப் பெயர் உண்டு. பயிஸ். சிலி நாட்டில் விளையும் பழைய திராட்சை இனம். பூசைக்கு வைன் வேண்டுமென்று ஸ்பானியப் பாதிரிமார் நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் கப்பலில் கொண்டுபோய் நட்ட கொடியின் வம்சம். பிறகு பணக்காரர் பிரெஞ்சுத் திராட்சைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். பயிஸ் ஏழை எளியதுகள் குடிக்கிற சாமானாகி ஒதுங்கிப் போனது. அண்மையில்தான் படித்தவர்கள் அதைத் தேடிப் பிடித்துத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இருநூறு வயதான கொடிகள் இன்றைக்கும் காய்க்கின்றனவாம். இதையெல்லாம் விட்டுவிட்டு வெறுமனே சிவப்பு வைன் என்று எழுதினால் நீதிமன்றம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்.

அதிகாரி எம்மா அவர்களே, தாய்மொழியில் ஆறுதலாக எழுதித் தரலாம் என்றீர்கள். நன்றி. மொழிபெயர்க்கும் அம்மணி கோயம்புத்தூர்க்காரர் என்று அறிந்தேன். நேற்று என்னை இரண்டு தரம் ‘சார்’ என்று கூப்பிட்டார். முப்பத்தெட்டு வருட நோர்வே வாழ்க்கையில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர், அதுவும் காவல் நிலையத்தில். அவர் ஒயின் என்பார், நாங்கள் வைன் என்போம். போத்தலுக்குள் இருப்பது ஒன்றுதான்.

என் பெயர் கொன்ஸ்ரன்ரைன். வயது அறுபத்தொன்று. இந்த நகரத்தில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினேன். முதுகு வருத்தத்தால் இப்போது வீட்டில் இருக்கிறேன். என் நண்பன் அல்பிரட் இந்த ஜனவரியில் இறந்துபோனான். பதினொரு வருடம் குடியை விட்டிருந்தவன், போன ஆவணியில் தன் மகளின் கல்யாணத்தில் திரும்பத் தொடங்கினான். அந்த முதல் கோப்பையை அவனுக்குத் தெரியாமல் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன் என்று அவன் மகள் றெபேக்கா சனிக்கிழமை உங்களிடம் முறைப்பாடு செய்திருக்கிறாள். நான் மறுக்கப்போவதில்லை. மறுக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. உதவி என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதவன் என்றுதான் ஊருக்குள் பெயர்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். அதுதான் இந்த வழக்கு.

எண்பத்தேழில் நானும் அல்பிரட்டும் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தோம். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறை. அங்கே கடலில் மீன் பிடித்த கை, இங்கே கையுறைக்குள் கொட் மீனின் முள் எடுத்தது. இரண்டு மாதம் சூரியன் எட்டியும் பார்க்காத ஊர். அந்த இருட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் செபமாலையை, சிலர் சீட்டை. அல்பிரட் போத்தலைப் பிடித்தான். நான் அல்பிரட்டைப் பிடித்தேன்.

சொல்வழக்குக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே பிடித்தேன், இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்து. துறைமுகத்தில் விழுந்து கிடந்தால் தூக்கினேன். வேலைக்கு வராத நாட்களில் மேற்பார்வையாளனிடம் பொய் சொன்னேன். ஒஸ்லோவுக்கு இடம் மாறி, அவன் ஹவுகெட்டோவிலும் நான் அடுத்த நிறுத்தத்திலும் வீடு எடுத்த பிறகும் அதே உத்தியோகம்தான். அவன் மனைவி மேரியம்மா ரெலிபோன் எடுத்து, “அண்ணை, இண்டைக்கும்…” என்பாள். அதற்குமேல் சொல்லமாட்டாள். நான் சப்பாத்தைப் போட்டுவிடுவேன். றெபேக்காவுக்கும் தம்பி றொபினுக்கும் பள்ளிக்கூட விழாக்களில் பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் எனக்குக் கேட்கக்கூடியதாகத் தங்களுக்குள் கதைப்பார்கள். “கொன்ஸ்ரன்ரைன் அண்ணை இல்லாட்டி அந்தக் குடும்பம் எப்பவோ சந்தியிலை நிண்டிருக்கும்.” இருபத்தாறு வருடம் இதைக் கேட்டேன். ஒரு மனிதன் பழகிப்போவதற்கு அது போதுமான காலம்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அல்பிரட் குடியை விட்டான்.

நான் சந்தோஷப்பட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், சந்தோஷப்பட்டேன். சிகிச்சை நிலையத்துக்கு அவனைக் காரில் கொண்டுபோய் விட்டவனே நான்தான். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவான், வழக்கம்போல நாலாம் மாதம் விழுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, நினைத்தேன். அவன் விழவில்லை. ஒரு வருடம் போனது, மூன்று வருடம் போனது, ஆள் பாடகர் குழுவில் சேர்ந்தான். பங்குச் சபைக்கு வந்தான். பிறகு குடிகார இளைஞர்களைத் திருத்தப் புறப்பட்டான். இருபத்தாறு வருடம் தன்னைத் தூக்கியவனுக்கு முன்னால் நின்றுகொண்டு, எழுந்து நிற்பது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தான். கோயில் வாசலில் பெண்கள் இப்போது அவனைப் பற்றித்தான் கதைத்தார்கள். என் ரெலிபோன் மேசையில் சும்மா கிடந்தது. சார்ஜ் கூடக் குறையவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர், மாசிமாதம், வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை. வீட்டில் யாருக்கு ரெலிபோன் அடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள். அல்பிரட் பத்து நிமிடத்தில் வந்தான். என் இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்துத் தூக்கிக் காரில் ஏற்றினான். சரியான முறையில் தூக்கினான், என்னிடம்தானே பழகியது. ஆறு கிழமை ஒவ்வொரு நாளும் மேரியம்மா வைத்த கூழோடு வந்தான். அடுத்த ஞாயிறு கோயிலில் ஒருத்தி சொன்னாளாம், பாருங்கோ, அல்பிரட் அண்ணை இல்லாட்டி கொன்ஸ்ரன்ரைன் அண்ணையின்ரை பாடு என்ன என்று. இதை என் மனைவி உதயகுமாரிதான் வந்து சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. இந்த வாக்குமூலத்தில் நான் பட்ட வேதனை என்று ஏதாவது ஒன்றை எழுதவேண்டுமானால் அதை எழுதலாம்.

முதுகு ஓரளவு சுகமானதும் மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். முதலில் பாண் சுடப் பழகினேன், பிறகு பறவைகள், பிறகு வைன் சுவைத்தல். “அல்பிரட் அண்ணை திருந்தின நாள் தொடக்கம் நீங்கள் கண்ட கண்ட வகுப்புக்கெல்லாம் திரியிறியள்” என்றாள் உதயகுமாரி. பெண்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை முடிச்சுப் போடும் பழக்கம் உண்டு. வைன் வகுப்பில்தான் பயிஸ் எனக்கு அறிமுகமானது. கோப்பையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து நிறத்தைப் பார் என்றார் ஆசிரியை. மற்றச் சிவப்பு வைன்களைப் போலக் கறுத்திருக்கவில்லை. கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய சிவப்பு. எங்கேயோ பார்த்த நிறமாக இருந்தது. அந்த வருடம்தான் றெபேக்காவுக்குக் கல்யாணம் பேசி முற்றாக்கினார்கள். விருந்துக்கு வைன் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கினேன். பாதிரிமார் பூசைக்கென்று நட்ட திராட்சை, கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது. அரச மதுக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, பெட்டி பெட்டியாக எடுப்பித்தேன்.

எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே விளக்கவேண்டும், ஏனென்றால் கோயம்புத்தூர் அம்மணிக்கும் இது புதிதாக இருக்கலாம். எங்கள் கல்யாணங்களில் கேக் வெட்டி, வைன் கோப்பை உயர்த்தாமல் காரியம் நிறைவேறாது. பெண்ணின் தகப்பன் நாலு வார்த்தை சொல்லிக் கோப்பையை உயர்த்துவான், சபை எழும்பிக் குடிக்கும். பியர் போத்தலைக் கண்டால் நெற்றியில் சிலுவை போடுகிற செபமாலைச் சங்கத்துப் பெண்கள், வைனை மட்டும் ஒரே மடக்கில் இறக்குவார்கள். ஏனென்றால் வைன் குடி இல்லை. அது பீடத்தில் வைக்கிற பொருள். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஊறிப்போன நம்பிக்கை இது. இதை ஏற்காத ஒரே ஆள் அல்பிரட். “பீடத்திலை வைச்சாலென்ன, மேசையிலை வைச்சாலென்ன மச்சான், எனக்கு அது சாராயந்தான்” என்பான். பூசையிலும் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிண்ணத்தைத் தாண்டிப் போய்விடுவான். ஆண்டவருடைய இரத்தத்துக்கே வேண்டாம் என்று தலையாட்டுகிற மனிதனைப் பங்குச் சபையில் வைத்திருந்தார்கள். நான் யாரிடமும் முறையிடவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சின்னப் போத்தல். அவர்கள் வீட்டு முற்றத்தில் றிப்ஸ் செடி நிற்கிறது. அந்தச் சின்னச் சிவப்புப் பழத்தில் மேரியம்மா வருடா வருடம் சாறு காய்ச்சுவாள். குடியை விட்ட நாள் தொடக்கம் விருந்துகளில் அவன் கோப்பையில் அதுதான். “கோப்பை உயர்த்தேக்கை எனக்கு இதை ஊத்து மச்சான்” என்றான். “நீதான் ஊத்தவேணும். மற்றவங்கள் சந்தோஷத்திலை மாறி ஊத்திப்போடுவாங்கள். உன்ரை கை எண்டால் நான் பார்க்காமல் குடிப்பன்.”

பார்க்காமல் குடிப்பன் என்றான். இதை நீங்கள் இரண்டு தரம் மொழிபெயர்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்ட்ரோம்மனில் மண்டபம். நானூறு பேர், மூன்று வீடியோக் கமெரா, மேலே சுற்றிக்கொண்டிருக்க ஒரு ட்ரோன். அல்பிரட் வெள்ளைச் சட்டையும் கோட்டுமாக நின்று பேசினான். நன்றாகத்தான் பேசினான். தன் பிள்ளைகள் தன்னைத் தோளில் காவித் திரிந்த காலத்தைப் பற்றிச் சொல்லி, இந்தப் பதினொரு வருடமும் றெபேக்கா தந்த பிச்சை என்று கண் கலங்கினான். பிள்ளைகள் காவினார்களாம். என்னைப் பற்றி ஒரு வரி வரும் என்று பொறுத்திருந்தேன். வந்தது. வைன் ஒழுங்கு செய்த நண்பன் கொன்ஸ்ரன்ரைனுக்கும், கேக் செய்தவர்களுக்கும், மண்டபம் சோடித்தவர்களுக்கும் நன்றி என்றான். பிறகு கோப்பையை உயர்த்திக் குடித்தான்.

முதல் மிடறிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். துப்பியிருக்கலாம். ஆனால் மூன்று கமெராவும் அவன் முகத்தில். பக்கத்தில் கோப்பையோடு மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மங்கல வைனைத் தகப்பன் துப்பினால் சபை என்ன சொல்லும். விழுங்கினான். மிச்சத்தையும் குடித்து முடித்தான். எங்கள் ஆட்கள் சபைக்கு முன்னால் எதையும் விழுங்குவார்கள்.

சற்று நேரத்தால் என்னிடம் வந்து, மெதுவாக, “போத்தல் மாறிப்போச்சோடா?” என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் என் தோளைத் தட்டினான். “பறவாயில்லை. நீ மனம் நோகாதை. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், பிறகு உன்னைப் பிழை சொல்லுவினம்.” அப்போதும் அவன்தான் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தான், பாருங்கள். அந்தப் பழக்கத்தை எப்படித்தான் அவனிடமிருந்து பிடுங்குவது.

நிறத்தைப் பற்றி நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. வகுப்பில் பார்த்த நிறம் எங்கே பார்த்தது என்று அன்றைக்கே வீட்டில் பிடிபட்டுவிட்டது. குளிர்பெட்டியில் மேரியம்மா முந்தின வருடம் தந்த றிப்ஸ் சாறு இருந்தது. ஒரு கோப்பையில் சாறும் மறு கோப்பையில் பயிஸுமாக யன்னலடியில் வைத்துப் பார்த்தேன். உதயகுமாரியைக் கூப்பிட்டு எது எது என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. சரியான வைனைத் தெரிவு செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. கல்யாணத்துக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது.

பத்தாம் நாள் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. அல்பிரட். சுகம் விசாரித்தான், காலநிலை கதைத்தான். கடைசியில் கேட்டான், “மச்சான், அண்டைக்கு அந்த வைன்… அதுக்கு என்ன பேர்?”

முப்பத்தேழு வருடத்தில் வைனைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு நடந்தது நீங்கள் அறிந்த கதைதான். இரண்டு கிழமை வைன். வைன் குடி இல்லைத்தானே என்று அவனும் எங்களைப் போல நம்பப் பழகிவிட்டான். அதற்குப் பிறகு பெயர் கேட்கத் தேவையில்லாத சாமான்கள். பாடகர் குழு போனது, பங்குச் சபை போனது. ஐப்பசியில் ஒரு நாள் மேரியம்மா எடுத்து, “அண்ணை, இண்டைக்கும்…” என்றாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அதே குரல், அதே நிறுத்தம். நான் சப்பாத்தைப் போட்டேன். நம்பமாட்டீர்கள், முதுகு வலிக்கவே இல்லை. வைத்தியர்கள் ஒன்றரை வருடமாகச் செய்யமுடியாததை அல்பிரட்டின் எண்பத்தைந்து கிலோ ஒரு பின்னேரத்தில் செய்தது. வாசலில் மேரியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அழுது கனகாலம்.

ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு சின்னக் கூட்டம். நலிந்த குடும்பங்களுக்குத் தோள் கொடுத்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிவப்புக் கரை போட்டது, தமிழ்நாட்டிலிருந்து எடுப்பித்ததாம். போர்த்தும்போது காற்சட்டைப் பைக்குள் ரெலிபோன் அதிர்ந்தது. பாராட்டுரை வாசிக்கும்போது இன்னொரு தரம். நான் பதில் சொல்ல எழும்பியபோது மூன்றாம் தரம். யாரென்று பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். ஆனால் பொன்னாடையை விலக்கிப் பைக்குள் கைவிட்டால் சபை என்ன நினைக்கும். அதுவும், அல்பிரட்டைத் தூக்கியதற்காகப் போர்த்தியதை, அல்பிரட்டுக்காகவே உதறிவிட்டு ஓடுவது அழகில்லை. ஹவுகெட்டோ ஸ்ரேசனுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில், பனி ஒதுக்கிக் குவித்த மேட்டுக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தானாம். அன்றிரவுக் குளிர் மறை பதினாறு பாகை. வைத்தியர் வலித்திருக்காது என்றார். நான் அதை மேரியம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன்.

கல்யாண வீடியோ எங்கள் ஆட்களிடம் எட்டு மாதத்துக்கு முன்னர் வராது. பாட்டுப் போட்டு, பூ விழுத்தி, மெதுவாக நகரவிட்டு ஒப்பேற்றவேண்டும். வெள்ளிக்கிழமைதான் தபாலில் வந்திருக்கிறது. தகப்பனின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு றெபேக்கா போட்டிருக்கிறாள். படக்காரன், பாவம், ஊற்றுகிற காட்சி வடிவாக இருக்கிறதென்று அதை நாலு மடங்கு மெதுவாக்கியிருக்கிறான். சின்னப் போத்தலை ஒதுக்கி வைக்கிறது ஒரு கை, பெரிய போத்தலை எடுக்கிறது அதே கை. என் கலியாண மோதிரம் கூடத் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே ஓம், ஊற்றினேன். தெரிந்துதான் ஊற்றினேன். அவன் சாகவேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. செத்தால் எனக்கு என்ன லாபம். அவன் விழவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். விழுகிறவனை நான் விட்டுவிடமாட்டேன் என்பதற்கு இருபத்தாறு வருடச் சாட்சி இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். என்னை இங்கே கனநாள் வைத்திருக்கவேண்டாம். மேரியம்மா ஒடிந்துபோயிருக்கிறாள், றெபேக்கா கோபத்தில் இருக்கிறாள், றொபினுக்கு யாருமில்லை. இருபத்தாறு வயது; தகப்பனைப் பார்த்து வளர்ந்ததால் ஒரு துளியும் தொடாத பிள்ளை. வீடியோ வந்த அதே வெள்ளிக்கிழமை பின்னேரம், அதை அறியாமல், என்னிடம் வந்தான். அப்பா கடைசியாகச் சந்தோஷமாகக் குடித்தது என்ன மாமா என்று கேட்டான். கல்யாணப் பெட்டியில் மூன்று போத்தல் மிச்சம் இருந்தது. ஒரு கோப்பைதான் ஊற்றினேன். பிறகு அவனே கேட்டான். போகும்போது கால் தள்ளாடியது. இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தகப்பனைவிடப் பாரம் குறைவு. என் முதுகு தாங்கும்.